முப்பத்தோராவது நொடி

டாக்னி ஓஸ்ட்பியின் வீடியோவை ஒருவர்கூட முப்பத்தாறு நொடிக்கு மேல் பார்க்கவில்லை. திறந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் முப்பத்தோராவது நொடிக்கும் முப்பத்தாறாவது நொடிக்கும் நடுவில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வீடியோவின் நீளம் நான்கு நிமிடம்.

ஒருவர் என்றால் போன் வந்தது, யாரோ கதவைத் தட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கொருவர் முகம் தெரியாத ஏழு கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள், அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் உட்கார்ந்துகொண்டு, ஒரே இடத்தில் நிறுத்துவது தற்செயலாக இருக்க முடியாது. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. டாக்னி அந்த ஐந்து நொடிகளை நூறு தடவையாவது பார்த்திருப்பாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை.

எத்தனை நொடி பார்த்தார்கள் என்பதை அந்த வீடியோத் தளமே சொல்லிவிடும். ஒவ்வொரு கல்லூரிக்கும் அவள் தனித்தனியாக ஓர் இணைப்பு செய்து அனுப்பியிருந்தாள். அதை யார் திறந்தாலும் அந்தக் கல்லூரியின் பெயருக்கு எதிரே ஓர் எண் வந்து நிற்கும். அதிகபட்சம் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் அந்த எண். எத்தனை தடவை பார்த்தார்கள், சிரித்தார்களா, கொட்டாவி விட்டார்களா என்பதெல்லாம் அதில் தெரியாது.

பெரிய பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பும். சின்னக் கல்லூரிகளுக்கு அந்த வசதி இல்லை. ஒரு பயிற்சியாளர், அவருக்கு ஒரு உதவியாளர், அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் பாதி நாள் வகுப்பெடுப்பார்கள், மீதி நாள் அணியை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவார்கள். அதனால் அங்கே விளையாட விரும்புகிறவர்கள்தான் எழுதிப்போட வேண்டும். உயரம், மதிப்பெண், சட்டை எண், எந்த இடத்தில் ஆடுகிறோம், கூடவே ஒரு வீடியோ. ஒரு பருவத்தில் இருநூறு, முந்நூறு வீடியோக்கள் வரும். பயிற்சியாளர் வேனில் உட்கார்ந்து செல்போனில் பார்ப்பார். பிடித்தால் கூப்பிடுவார். பிடிக்காவிட்டால் கூப்பிட மாட்டார், ஏன் என்றும் சொல்ல மாட்டார்.

டாக்னி பட்டியலில் பதினாறு கல்லூரிகள் இருந்தன. முதலில் ஒன்பதுக்கு அனுப்பினாள். ஏழு பேர் திறந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி பிறக்க மூன்று நாள் இருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வட்டாரப் போட்டி முடியும். அதோடு பள்ளி ஆட்டம் முடிந்துவிடும். எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை என்றால் அதுதான் அவள் வாழ்க்கையின் கடைசி ஆட்டம். ஐந்து வயதில் தொடங்கிய ஒன்று பதினெட்டு வயதில், ஒரு வியாழக்கிழமை, வேறு ஊர் அரங்கத்தில் முடியப்போகிறது.

அப்பா ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் வேலை பார்க்கிறவர். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னாள்.

"லாரி வந்து நிக்குதுன்னு வையி," என்றார் அப்பா. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே பேசினார். "முழு லாரியையுமா நான் பாக்குறேன்? நீளக் குழாய விட்டு நாலு இடத்துல குத்தி எடுத்துப் பாப்பேன். மூணாவது குத்துல ஈரக் கோதுமை வந்துச்சுன்னா, நாலாவது குத்து குத்த மாட்டேன்."

"அப்ப முப்பத்தோராவது நொடில எங்கிட்ட ஈரக் கோதுமை இருக்குங்கறீங்க."

"உங்கிட்ட இருக்குன்னு நான் சொல்லல. வீடியோல இருக்கு."

இது சரியாகத்தான் பட்டது. வீடியோவில் மொத்தம் நாற்பது துணுக்குகள். முதல் ஆறும் உள்ளூர் ஆட்டங்களில் எடுத்தவை. அவற்றை எடுத்தது ஆர்லன் மாமா. அவரிடம் நல்ல கேமரா இருக்கிறது, ஆனால் பனிக்காலத்தில் தங்கள் ஊரான கெஸ்லரைத் தாண்டி வண்டி ஓட்ட மாட்டார். ஏழாவது துணுக்கு வெளியூர் ஆட்டம். அதில் டாக்னி எதிரணியின் பந்தைப் பறித்து, தானே ஓடிப்போய் போடாமல், முன்னால் ஓடிக்கொண்டிருந்த தோழிக்குத் தட்டிவிடுகிறாள். தோழி கூடையில் போடுகிறாள்.

டாக்னி யோசித்தாள். புள்ளி எடுத்தது அவள் இல்லை. அதனால் சலிப்புத் தட்டியிருக்கும். அந்தத் துணுக்கை எடுத்துவிட்டு, இன்னொரு வெளியூர் ஆட்டத்தில் அவளே தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடையை வைத்தாள். இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினாள்.

இங்கேதான் சிக்கல். இந்த மாதிரி சோதனைக்கு விலை உண்டு. ஒரு முறை பார்த்து மூடிய பயிற்சியாளர் மறுபடி திறக்க மாட்டார். ஒவ்வொரு முறை சோதித்துப் பார்க்கும்போதும் ஒரு கல்லூரி செலவாகும். பயந்துபோய் ஒன்றுக்கு மட்டும் அனுப்பினால் அது தற்செயலா இல்லையா என்று தெரியாது. அதனால் குறைந்தது இரண்டு வேண்டும்.

முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. அதே இடம்.

ஐந்து கல்லூரிகள் மிச்சமிருந்தன.

அடுத்து அவள் வேறு மாதிரி யோசித்தாள். குற்றம் துணுக்கில் இல்லாமல் இருக்கலாம். அரை நிமிடத்துக்கு மேல் யாருக்கும் பொறுமை இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் அந்த அரை நிமிடத்துக்குள் நிறைய அடைத்துவிட வேண்டியதுதான். எல்லாத் துணுக்குகளின் முன்னும் பின்னும் வெட்டிக் குறுக்கினாள். மேலும் இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினாள்.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

அதைப் பார்த்ததும் ஒன்று தெளிவானது. கடிகாரம் காரணம் இல்லை. பொறுமை காரணம் என்றால் குறுக்கிய வீடியோவிலும் முப்பது நொடி பார்த்திருப்பார்கள். துணுக்குகள் குறுகியதும் நிறுத்தும் இடமும் முன்னால் நகர்ந்துவிட்டது. இப்போதும் அது ஏழாவது துணுக்கின் மேலேயே நின்றது.

மறுநாள் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பள்ளிப் பேருந்தில் ஷெல்பி குன்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஷெல்பி இருபத்திரண்டு மைல் தள்ளியுள்ள டரம் ஊர்க்காரி. கெஸ்லர், டரம் இரண்டு ஊர்ப் பள்ளியிலும் பிள்ளைகள் குறைந்துபோனதால், இரண்டும் சேர்ந்து ஒரே அணியாக ஆடுகின்றன. மொத்தம் எட்டுப் பெண்கள்.

"எத்தனை மிச்சம்?" என்றாள் ஷெல்பி.

"மூணு."

"முந்தாநாள் அஞ்சுன்னே."

"ரெண்டு செலவாயிடுச்சு."

"காலேஜ என்னமோ சிப்ஸ் பாக்கெட் மாதிரி சொல்றே. ஒண்ணு எனக்கும் குடு."

டாக்னி சிரிக்கவில்லை. "முதல்ல ஏழாவதா இருந்துச்சே, அந்தத் துணுக்க ரெண்டாவதா வச்சுப் பாக்கப்போறேன். நடுவுல கிடந்ததாலதான் கவனிக்கலையோ என்னமோ. பறிச்சுக் குடுத்தது நல்ல ஆட்டம்டி, ஷூக் கோச்கூடச் சொன்னாரு."

"நல்ல ஆட்டம்தான். கூடைல போட்டது நான்தானே."

ஒரு உள்ளூர்த் துணுக்கு, ஐந்து நொடி. உடனே அந்தப் பந்து பறிக்கும் வெளியூர்த் துணுக்கு. இப்படி மாற்றி இரண்டு கல்லூரிகளுக்கு அனுப்பினாள். அதில் ஒன்று வில்மார்த். மினசோட்டாவில், காரில் பதினோரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற கல்லூரி. பட்டியலில் அவள் மனதுக்கு மிகப் பிடித்ததும் அதுதான். பயத்தில் கடைசிவரை தள்ளிப்போட்டு வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளிச் சாப்பாட்டு அறையில், சில்லி என்கிற பீன்ஸ் இறைச்சிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட சுருள் ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, திறந்து பார்த்தாள்.

பதினொன்று. பதினொன்று.

நிமிடக்கணக்கில் பார்க்கவைக்கக் கிளம்பியவள், முப்பத்தொன்றைப் பதினொன்றாகக் குறைத்திருந்தாள். பட்டியலில் ஒரே ஒரு பெயர் மிச்சம்.

அப்போதுதான் அவளுக்கு ஒரு விடை கிடைத்த மாதிரி இருந்தது. வெளியூர் ஆட்டம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துகிறார்கள். வெளியூர் ஆட்டங்களை எடுப்பது ஷெல்பியின் அம்மா லோரெட்டா. மேல் வரிசையில் உட்கார்ந்து பழைய செல்போனில் எடுப்பாள். கேமராவை ஆட்டத்தோடு திருப்ப மாட்டாள், அரங்கம் முழுவதும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்தே பிடித்துக்கொண்டிருப்பாள். படம் மங்கல். அவ்வப்போது கை ஆடும்.

அன்று மாலை ஆட்டம் முடிந்து பேருந்து ஏறும் இடத்தில் டாக்னி லோரெட்டாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, இனிமே எனக்காக எடுக்க வேணாம். படம் கொஞ்சம்... தெளிவா இல்ல. அதான் யாரும் பாக்க மாட்டேங்கறாங்க."

லோரெட்டா செல்போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "சரிடா. நீ சொன்னா சரி," என்றாள். முகம் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேருந்தில் ஷெல்பி இரண்டு வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்தாள். பத்து மைல் போனதும் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா கையில என்ன பூகம்பமாடி? வேலைய விட்டுட்டு, ஐஸ் ரோட்டுல நூறு மைல் வண்டி ஓட்டி வந்து, உனக்கும் சேத்துத்தானே எடுத்தாங்க."

டாக்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியூர்த் துணுக்குகளை எல்லாம் தூக்கி எறிந்தால் வீடியோ ஐம்பது நொடிதான் வரும். அதில் கூடையில் போடுவது மட்டும்தான் இருக்கும். கூடையில் போடுகிற பெண்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஷூக் கோச் அவளைத் தன் வகுப்பறைக்குக் கூப்பிட்டார். அவர்தான் அணியின் பயிற்சியாளர், கணக்கு வாத்தியார், பேருந்து ஓட்டுநர் எல்லாம். மேசையில் ஒரு தாள் இருந்தது.

"உக்காரு. வில்மார்த் கோச்கிட்டேருந்து எனக்கு மெயில் வந்திருக்கு. பேரு பெட்ரா ஹெல்ம். படிக்கிறேன், முழுசும் கேளு. நடுவுல எந்திரிச்சு ஓடக்கூடாது."

அப்படிச் சொன்னதுமே அவளுக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.

ஷூக் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். "உங்கள் பள்ளியின் பன்னிரண்டாம் எண் ஆட்டக்காரி டாக்னி ஓஸ்ட்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். முதல் ஐந்து நொடி அவள் ஆடுகிறாள். அடுத்து, டரம் பள்ளியின் நீலச் சட்டை போட்ட வேறொரு பெண்ணின் ஆட்டத்தைத் தன் ஆட்டம் என்று சேர்த்திருக்கிறாள். தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் அவளை எங்கள் அணியில் எடுத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை."

வேண்டாம் என்று சொல்வது ஒன்று. திருடி என்று சொல்வது வேறு.

"இரு, இன்னும் இருக்கு," என்று ஷூக் தொடர்ந்தார். "ஆனால் ஓர் உதவி வேண்டும். அந்த டரம் பெண், நான்காம் எண், அவளை நான் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பந்து எங்கே போகும் என்பது அது கிளம்புவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பெயர் என்ன? பள்ளியில் கடைசி வருடமா? டரம் பயிற்சியாளரின் தொலைபேசி எண் கிடைக்குமா? எங்களிடம் ஒரே ஓர் இடம் மீதி இருக்கிறது. திங்கட்கிழமை அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்."

அவர் தாளைக் கீழே வைத்தார். "டரம் கோச்சோட நம்பர் வேணுமாம். அதுவும் நான்தானே."

"நாலாம் நம்பர் நான்தான், கோச்."

"எனக்குத் தெரியாதா? பன்னெண்டும் நீதான்."

"அப்ப என்னைய வேணாம்னு சொல்லிட்டு, என்னையவே கேக்கறாங்க."

"அதைத்தான் கால் மணி நேரமா நானும் பாத்துட்டு உக்காந்திருக்கேன்," என்றார் ஷூக்.

விஷயம் இதுதான். கூடைப்பந்தில் உள்ளூர் அணி வெள்ளைச் சட்டை போட வேண்டும், வந்த அணி வண்ணச் சட்டை போட வேண்டும். அது விதி. இரண்டு பள்ளிகளும் சேர்ந்தபோது புதுச் சட்டை என்ன நிறத்தில் வாங்குவது என்று இரண்டு ஊர் நிர்வாகிகளும் மூன்று கூட்டம் போட்டார்கள். மூன்றிலும் ஓட்டு சமமாக விழுந்தது. கடைசியில் கெஸ்லரின் வெள்ளைச் சட்டைகள் நல்ல நிலையில் இருந்தன, டரமின் நீலச் சட்டைகள் நல்ல நிலையில் இருந்தன. அதையும் இதையும் வைத்து ஓட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் உள்ளூரில் ஆடும்போது மார்பில் 'கெஸ்லர்' என்றிருக்கும், வெளியூரில் ஆடும்போது 'டரம்' என்றிருக்கும். டாக்னிக்கு வெள்ளையில் பன்னிரண்டு. நீலத்தில் பன்னிரண்டாம் எண் சட்டை ஆண்பிள்ளை அளவில் முட்டிவரை தொங்கியது. நான்காம் எண்தான் பொருந்தியது. ஆட்டப் பதிவுத் தாளில் அவள் பெயருக்கு எதிரே இரண்டு எண்ணும் எழுதியிருக்கும். நடுவர்களுக்கு அது பழகிவிட்டது.

டாக்னி தன் செல்போனை எடுத்து, நான்கு விதமாக அனுப்பிய வீடியோக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தாள். இந்த முறை ஆட்டத்தைப் பார்க்கவில்லை, சட்டையை மட்டும் பார்த்தாள். முதல் வீடியோவில் முப்பதாவது நொடியில் வெள்ளை போய் நீலம் வந்தது. இரண்டாவதிலும் முப்பது. குறுக்கியதில் இருபது. மாற்றி வைத்ததில் ஐந்து. பயிற்சியாளர்கள் நீலச் சட்டைகளுக்கு நடுவே ஐந்தாறு நொடி பன்னிரண்டாம் எண்ணைத் தேடியிருக்கிறார்கள். பன்னிரண்டு அங்கே இல்லை. மூடிவிட்டார்கள்.

நூறு தடவை பார்த்தும் அவளுக்கு இது தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. தன்னை வீடியோவில் தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவளுக்கு மட்டுமா? கெஸ்லரில் முந்நூறு பேர், டரமில் இருநூற்றைம்பது பேர். யாரும் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் இல்லை. நடையை வைத்தே, அரங்கத்தின் அந்தக் கோடியிலிருந்து, அது டாக்னி என்று சொல்லிவிடுவார்கள். அப்பா பார்த்தார், மாமா பார்த்தார், ஷெல்பி பார்த்தாள், ஷூக் பார்த்தார். எல்லோரும் டாக்னியைத்தான் பார்த்தார்கள். சட்டை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"பேசிடறியா?" என்று ஷூக் மேசைத் தொலைபேசியைத் தள்ளினார்.

எண்ணை அழுத்தும்போது இரண்டு தடவை தப்பானது. மூன்றாவது தடவை மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் பந்து தட்டும் சத்தம்.

"கோச் ஹெல்ம், நான் டாக்னி ஓஸ்ட்பி பேசறேன். அந்த நாலாம் நம்பரும் நான்தான்."

மறுமுனையில் கதவு மூடியது, பந்துச் சத்தம் நின்றது.

"மெயில் உங்க கோச்சுக்குத்தானேம்மா போட்டேன்?"

"அவரு இங்கதான் இருக்காரு. ரெண்டு ஸ்கூல் சேந்த டீம், கோச். உள்ளூர்ல ஒரு ஊர் சட்டை, வெளியூர்ல இன்னொரு ஊர் சட்டை. நம்பரும் மாறும்."

"இருபது வருஷமா இந்த வேலை பாக்கறேன். அக்கா ஆட்டத்த தன் ஆட்டம்னு அனுப்பின தங்கச்சிய பாத்திருக்கேன். ரெட்டைப் பிள்ளைங்க மாத்தி மாத்தி ஆடினதக்கூட பாத்திருக்கேன். ஒருத்தியே ரெண்டு ஊருக்கு ஆடறான்னு யாரும் சொன்னதில்ல."

ஷூக் கையை நீட்டினார், தான் பேசவா என்று. அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"நான் நிரூபிச்சா பாப்பீங்களா?"

"ஞாயித்துக்கெழம சாயந்திரம் ஆறு மணிக்குள்ள அனுப்பு. ஆனா கேளு. அந்தப் பொண்ணு நீதான்னா, அவளை இன்னும் நெறைய பாக்கணும். பந்து அவ கையில இல்லாதப்ப என்ன பண்றா, அதுதான் எனக்கு வேணும். மத்த வீடியோவெல்லாம் பந்து பின்னாடியேதான் ஓடும். உங்க ஆள் எவ்வளவு தள்ளி நின்னு எடுத்திருக்காங்க, பத்துப் பேரும் தெரியறாங்க. அவங்ககிட்ட இன்னும் இருக்குமா?"

டாக்னிக்கு லோரெட்டாவின் முகம் நினைவுக்கு வந்தது. "இருக்கும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம் முடிந்ததும் அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு டரமுக்குப் போனாள். வழி நெடுக, லோரெட்டா படங்களை அழித்திருப்பாளோ என்ற ஒரே நினைப்பு. கதவைத் திறந்தது ஷெல்பி.

"பூகம்பத்த பாக்க வந்தியா?"

"உங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். அப்புறம் படம் கேக்க வந்தேன்."

"வரிசைய மாத்தாம கேளு, குடுப்பாங்க."

லோரெட்டா சமையலறை மேசையில் இருந்தாள். டாக்னி நடந்ததைச் சொன்னாள். வில்மார்த் கோச் சொன்னதையும் சொன்னாள், தள்ளி நின்று எடுத்ததுதான் பிடித்திருந்தது என்று. லோரெட்டா சிரிக்காமல் கேட்டாள்.

"என் பொண்ணு பாதி நேரம் பெஞ்சுல உக்காந்திருப்பா. அவளும் படத்துல வரணும்னுதான் நான் தள்ளிப் போய் உக்காருவேன். நீ என்னடான்னா..." என்று நிறுத்திவிட்டுச் செல்போனை நீட்டினாள். "ஒன்பது ஆட்டம் இருக்கு. எதையும் அழிக்கல."

மதியம் ஒரு மணிக்கு மூவரும் கெஸ்லர் அரங்கத்தில் இருந்தார்கள். ஷூக் சாவியோடும் சட்டைப் பெட்டியோடும் வந்தார். டாக்னி முதலில் வெள்ளைச் சட்டை ஒரு தடவை, நீலச் சட்டை ஒரு தடவை என்று தனித்தனியாக எடுக்கலாம் என்றாள்.

"அது எடுபடாது," என்றாள் ஷெல்பி. "நடுவுல வெட்டினா, வெட்டின எடத்துல ஆள மாத்திட்டேன்னு நெனைப்பாங்க. வெட்டாம எடுக்கணும்."

வெட்டாமல் எடுத்தார்கள். வெள்ளைக்கு அடியில் நீலத்தைப் போட்டுக்கொண்டு, பந்தைத் தட்டி ஓடி, இடது கையால் கூடையில் போட்டு, ஓடியபடியே வெள்ளையைக் கழற்றி எறிந்து, நீலத்தில் அதே ஓட்டம், அதே இடது கை. கடைசியில் ஷூக் வந்து ஆட்டப் பதிவுத் தாளைக் கேமராவுக்கு முன் பிடித்தார். ஓஸ்ட்பி, பன்னிரண்டு, நான்கு. மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது; மூன்றையும் லோரெட்டா ஷூக்கின் செல்போனுக்கும் அனுப்பிவைத்தாள். முதல் முறை வெள்ளைச் சட்டை தலையில் சிக்கி அவள் சுவரில் மோதினாள். லோரெட்டா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு டரம் வீட்டு மேசையில் உட்கார்ந்து மற்ற துணுக்குகளை, ஒவ்வொன்றிலும் டாக்னியைச் சுற்றி வட்டம் போட்டு, கோத்தார்கள். நாலரை மணிக்குப் புது இணைப்பில் அனுப்பினாள்.

அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வில்மார்த் என்ற பெயருக்கு எதிரே 'பார்க்கவில்லை' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணி. ஐந்தே கால். அந்தத் தளத்தில் ஒரு குறை உண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போது எண் நகராது, மூடிய பிறகுதான் வரும். அதனால் இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அவர் இன்னும் திறக்கவே இல்லை, அல்லது இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். எது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

"கண்ண எடுடி, ஓட்டை விழுந்துடப்போகுது," என்றாள் ஷெல்பி. சொல்லிவிட்டு அவளும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

ஐந்து நாற்பதுக்கு எண் வந்தது. நான்கு நிமிடம் பதினெட்டு நொடி. வீடியோவின் நீளமே அதுதான்.

முழுவதும் பார்ப்பது சம்மதம் ஆகாது. முழுவதும் பார்த்துவிட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். டாக்னி அதை வாய்விட்டுச் சொல்லப்போனபோது அவள் செல்போன் அடித்தது.

"சுவத்துல முட்டினது எங்க?" என்றார் கோச் ஹெல்ம்.

"அதை வெட்டிட்டோம் கோச். உங்களுக்கு எப்படி...?"

"உங்க கோச் தனியா அனுப்பி வச்சாரு. மூணு தடவை எடுத்ததையும் வெட்டாம அனுப்பியிருக்காரு, நான் நம்பணுமேன்னு." குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தித் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கோ. அடுத்த மாசம் வந்து எங்க பிள்ளைங்களோட ஒரு நாள் ஆடிப் பாரு, உனக்கு நாங்க பிடிக்கணும்ல. இடம் உனக்குத்தான். நாளைக்கு வேற யாருக்கும் குடுக்கல."

டாக்னி நன்றி சொன்னாள். இரண்டு தடவை சொன்னாளா மூன்று தடவை சொன்னாளா என்று அவளுக்கு நினைவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு லோரெட்டா அவள் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அவளால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி ஆடியது. ஷெல்பி அதைப் பார்த்தாள். "பூக..." என்று வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஷூக் சொன்னபடி டாக்னி ஒரு தாளில் எழுதி, சட்டைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டினாள்:

'கல்லூரிக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு. நமக்கு இரண்டு சட்டை, இரண்டு எண். பார்க்கிறவருக்கு அது தெரியாது. தொடக்கத்தில் வெள்ளைச் சட்டையைக் கழற்றி நீலச் சட்டையைக் காட்டுங்கள், நடுவில் வெட்டாதீர்கள். பதிவுத் தாளில் உங்கள் பெயரும் இரண்டு எண்ணும் இருக்கும் வரியைக் காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு துணுக்கும் தொடங்கும்போது படத்தை ஒரு நொடி நிறுத்தி, உங்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். அப்படிச் செய்தால் கடைசிவரை பார்க்கிறார்கள்.'